கண்ணை விட்டுவிட்டு இறக்கையைப் பாருங்கள்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் விழுந்து மட்கும் மரங்களைக் கவனித்துக்கொண்டே நடந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விசித்திரமான ஈயைப் பார்க்கலாம். தலை சுத்தியல்போல இருபுறமும் நீண்டு, இரு முனைகளிலும் கண்கள் இருக்கும். யாராக இருந்தாலும் முதலில் அந்தத் தலையைத்தான் படமெடுப்பார்கள். ஆனால் அது என்ன ஈ என்று சொல்ல அந்தப் படம் போதாது. கண்கள் இப்படி விலகி நிற்கும் அமைப்பு, பல ஈக் குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

உணர்கொம்புகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். டயோப்சிடே குடும்பத்தில் அவையும் கண்களோடு சேர்ந்து, கண்களைத் தாங்கும் காம்புக்குப் போய்விடும். முகத்தின் நடுவிலேயே இருந்தால் அது வேறு குடும்பம். அப்புறம் இறக்கை. அதன் முன்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு ஓடும். டெஃப்ரிடிடே எனும் பழ ஈக் குடும்பத்தில் அந்த நரம்பு ஏறத்தாழச் செங்கோணத்தில் சட்டென்று மடங்கி, விளிம்பைத் தொடும் முன்பே மங்கிவிடும். என்னைக் கேட்டால், அந்தத் தலையைவிட இந்தச் சின்ன மடிப்புதான் நம்பகமான சாட்சி. கருமையான இறக்கையில் தெளிந்த புள்ளிகளும் இருந்தால், அது தெமாரா பேரினமாக இருக்கலாம். அதில் அகன்ற தலை ஆணுக்குத்தான். தலையை மட்டும் நம்புகிறவர் பெண்ணை வேறொரு சிற்றினம் என்றே எழுதிவிடுவார்.

பழ ஈ என்று பெயர் இருந்தாலும் இந்தக் குடும்பத்தில் எல்லாமே பழத்தைத் தேடிப் போவதில்லை. சிலவற்றின் புழுக்கள் மட்கும் மரத்தில் வளர்கின்றன, சில மூங்கில் குருத்தில். தேக்கா சந்தையில் வாங்கிய பாகற்காயை நறுக்கும்போது நெளியும் புழு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். வீட்டில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈயோ டிரோசோஃபிலா. அது முற்றிலும் வேறு குடும்பம்.

விநோதமான ஈயைவிடச் சாதாரணமாகத் தெரியும் ஈதான் அதிகம் திணறடிக்கும். மாம்பழத்தையும் கொய்யாவையும் தாக்கும் பாக்ட்ரோசெரா டோர்சாலிஸுக்கு அச்சு அசலான உறவினர்கள் பல உண்டு. மலாயாத் தீபகற்பத்தில் இருப்பதைப் பாக்ட்ரோசெரா பப்பாயே என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். உடலமைப்பு, மரபணு, இணைசேரும் பழக்கம், ஆணின் வாசனைப் பொருள் எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகு, 2015இல் அந்தப் பெயரை டோர்சாலிஸோடு சேர்த்துவிட்டார்கள். நட்சத்திரப் பழத்தைத் தாக்கும் பாக்ட்ரோசெரா காரம்போலே மட்டும் தனிச் சிற்றினமாக நின்றது. டோர்சாலிஸையும் காரம்போலேயையும் பிரிக்க, டிஎன்ஏவின் ஒரு சிறு பகுதியை வைத்துச் சிற்றினத்தை அடையாளம் காணும் மரபணுப் பட்டைக்குறியீடுகூடக் கைகொடுப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவிலிருந்து வாசிக்கும் அந்த 658 எழுத்துகள் இரண்டிலும் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன.

ஆகவே காட்டில் அபூர்வமான ஈயைக் கண்டால், இறக்கை விரிந்திருக்கும்போது மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று எடுங்கள். பெண் என்றால் முட்டையிடும் குழாயும் தெரியட்டும். எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது என்றும் குறித்துவையுங்கள். பிடித்துக்கொண்டு போக வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளில் அதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.