மங்கலாக இருக்கிறது என்று வார்னிஷ் அடித்துவிடாதீர்கள்

பழைய ஓவியங்களைச் சரிசெய்து தருவது என் வேலை. போன மாதம் ஒரு படம் என் மேசைக்கு வந்தது. ஒரு பாட்டியின் முகம், அட்டையில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். "ரொம்ப மங்கலா இருந்ததுங்க. பிரேம் போடக் கொடுத்த இடத்துல ஒரு கோட் வார்னிஷ் அடிச்சுத் தர்றோம்னாங்க, சரின்னேன்" என்றார் கொண்டுவந்தவர். இப்போது படம் மினுமினுக்கிறது. ஆனால் கன்னத்துக்கும் காதுக்கும் நடுவில் வண்ணம் படாமல் அட்டை தெரிந்த இடமெல்லாம், எண்ணெய் பட்ட காகிதம் போலக் கறுத்துக் கிடக்கிறது.

இப்படி ஒரு படம் வரும்போதெல்லாம் எனக்கு ஓல்கா போஸ்னான்ஸ்கா என்ற ஓவியரின் ஞாபகம் வரும். 1865இல் போலந்தின் கிராக்கோவில் பிறந்தவர். அப்பா ரயில்வே பொறியாளர், அம்மா பிரெஞ்சுக்காரர். 1886இல் ஓவியம் படிக்க மியூனிக் போனார். அங்கே அரசுக் கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது என்பதால், ஓவியர்களிடம் தனியாகப் பாடம் கேட்டார். 1898இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, 1940இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மலர்களையும் அறைகளையும் வரைந்தாலும், அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை மனித முகங்கள். பௌல் நாவன் என்ற ஓவியரை அவர் 1893இல் வரைந்த படம், மறு வருடம் வியன்னாவில் தங்கப் பதக்கம் பெற்றது.

அந்தப் படம் கேன்வாஸில் வரைந்தது. அட்டையில் அவர் என்ன செய்தார் என்று பார்க்க 1894ஆம் ஆண்டின் 'செவ்வந்திப் பூக்களுடன் சிறுமி' போதும். சாம்பல் சுவர், அதன் முன் சாம்பல் உடையில் ஒரு சிறுமி, கையில் வெள்ளைப் பூக்கள். உடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்த இரண்டு கரிய கண்கள் மட்டும் நம்மை விடாது. கிராக்கோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வழக்கமாகக் கேன்வாஸுக்கு முதலில் அடிப்பூச்சு கொடுப்பார்கள். அதனால் வண்ணத்தில் உள்ள எண்ணெய் துணிக்குள் இறங்காது, மேலேயே நின்று பளபளக்கும். போஸ்னான்ஸ்கா பெரும்பாலும் அடிப்பூச்சு இல்லாத அட்டையில் வரைந்தார். அட்டை எண்ணெயை உறிஞ்சிவிடும். வண்ணம் பவுடர் பூசினாற்போல ஒளியடங்கி நிற்கும். சின்னச் சின்னத் தீற்றல்களுக்கு இடையே தெரியும் அட்டையின் பழுப்பையும் ஒரு வண்ணமாகவே பயன்படுத்தினார். அவசரமும் கிடையாது. ஒரே படத்துக்கு ஆட்களைத் திரும்பத் திரும்ப வரச்சொல்லி உட்காரவைப்பார். பொறுமை இழந்தவர்கள் உண்டு.

நீங்கள் 'மங்கல்' என்று நினைப்பது, இத்தனை நாள் உட்காரவைத்து அவர் வேண்டுமென்றே வரவழைத்தது. அதன்மேல் வார்னிஷ் அடித்தால் என்ன ஆகும்? கூழாங்கல் நனைந்தால் நிறம் இருளுமே, அதேதான். கல் காய்ந்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், அட்டை வராது. அடிப்பூச்சு உள்ள கேன்வாஸில் வார்னிஷ் மேலே ஒரு படலமாக நிற்பதால், கரைப்பான் வைத்துப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். அட்டையில் அது நாருக்குள் போய்விடுகிறது. கரைப்பான் வைத்தால் இன்னும் உள்ளேதான் தள்ளும்.

ஈரத்துணியும் ஆகாது, நார் ஊதி எழும்பி வண்ணத்தைத் தூக்கிவிடும். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் சுத்தமாகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! மாவுச்சத்தை அப்பி வைத்தால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விருந்துதான்.

அட்டைக்குச் சொந்த வியாதியும் உண்டு. மரக்கூழில் செய்த பழைய அட்டையில் அமிலம் ஊறும், வெளிச்சம் பட்டால் பழுப்பு ஏறும், மூலைகள் ஏடு ஏடாகப் பிரியும். பழுப்பும் படத்தில் ஒரு நிறம் என்பதால், அட்டை கறுக்கக் கறுக்க முகத்தின் சாயலும் மாறும். அதனால்தான் காகிதத்துக்கு வைப்பதுபோல 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கிய வெளிச்சம் இதற்கும் நல்லது. வளைந்திருந்தால் மேலே கனம் வைத்து நிமிர்த்தாதீர்கள், வண்ணம் வெடிக்கும். கண்ணாடி போடுங்கள், ஆனால் அது படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு.

உங்கள் வீட்டுப் படம் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எங்கும் மினுங்காமல், தீற்றல்களுக்கு நடுவே பழுப்பு தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

பாட்டியின் படத்தில் மேற்பரப்பின் மினுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, தாத்தாவின் படம் ஒன்றும் வீட்டில் இருக்கிறது என்றார். தூசிகூடத் தட்டாமல் அப்படியே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.