வலிப்பு விட்டுப்போகும் வெள்ளைத் திட்டு

ஹட்டனுக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர், மனைவியின் எம்.ஆர்.ஐ. படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நின்ற மனைவி வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். லொறி கிடைத்து, வளைவெல்லாம் சுற்றி ஆஸ்பத்திரி சேரும்வரை வலிப்பு நிற்கவில்லை. முக்கால் மணித்தியாலம். பிறகு எடுத்த படத்தில் மூளையின் ஒரு பக்கம் வெள்ளைத் திட்டு. "கட்டி" என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"டொக்டர் ஐயா, மண்டையைத் திறக்க வேண்டுமா?"

அந்தத் திட்டு வலிப்பின் தடமாகவே இருக்கலாம். வலிப்பின்போது நரம்பணுக்கள் ஓயாமல் மின்துடிப்பை எழுப்புகின்றன. அவை எரிக்கும் ஒட்சிசனுக்கும் குளுக்கோசுக்கும் இரத்தம் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது, நரம்பணுவிலிருந்து உப்பை வெளியேற்றும் பம்பு தளர்கிறது. நீர் உள்ளே புகுந்து நரம்பணு வீங்குகிறது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது அந்த வீக்கம். மூளையின் மேலடுக்கான புறணி, நினைவுக்குரிய ஹிப்போகம்பஸ், மூளையின் ஆழத்திலுள்ள தலமஸின் பின்பகுதி ஆகியவை அடிக்கடி இதற்கு ஆளாகின்றன. பக்கவாதத் திட்டு பெரும்பாலும் ஓர் இரத்தக்குழாயின் எல்லைக்குள் அடங்கும். இது அந்த எல்லையைப் பொருட்படுத்தாது.

ஆனாலும் படத்தை மட்டும் பார்த்து எவரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஹெர்பீஸ் வைரஸால் வரும் மூளையழற்சியும் இதே சாயலில் தெரியும். அதற்கான மருந்து காத்திருக்கக் கூடாது. அந்தச் சந்தேகங்களை நீக்கிய பிறகே, சில வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுக்கச் சொன்னேன். திட்டு மறைந்திருந்தது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. வலிப்பு நீண்டால் ஹிப்போகம்பஸ் சுருங்கி, மறதி தங்கிவிடுவதும் உண்டு.

ஆகவே நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரம்: 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது வர நேரமாகுமென்றால் கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள்.

படம் தெளிந்ததைக் கேட்டதும் கணவர், "அப்படியென்றால் மாத்திரையை நிறுத்தலாமா?" என்றார். மனைவி அதை இடையில் நிறுத்தியதால்தான் அன்று விழுந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்று அந்த அம்மா இரண்டு மாதம் வரவேயில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு எழுதும் மாத்திரையை இரண்டு மாதத்துக்கு எழுதினேன்.