ஊசல் பரிசோதனை: விடை பிசகும் இடங்கள்

அறிவியல் முகாம்களில் 'செய்து கற்றல்' என்ற பெயரில் பல நேரம் நடப்பது, ஒருவர் செய்துகாட்ட மற்றவர்கள் கைதட்டுவதுதான். பிள்ளைகளின் கை பட வேண்டும். தப்பான விடை கிடைக்கவும், அதைத் தாங்களே கண்டுபிடிக்கவும் வழி இருக்க வேண்டும். அதற்கு ஊசல் நல்ல தொடக்கம்.

நான்கு பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளாத நூல், ஒரே அளவு வாஷர் ஐந்து, பேப்பர் கிளிப், அளவுகோல், ஸ்டாப்வாட்ச் போதும். நூலைப் பென்சிலில் கட்டாதீர்கள். ஆடும்போது பென்சிலில் சுற்றி அவிழ்ந்து நீளம் மாறும். இரண்டு மரக் கட்டைகளுக்கிடையே நூலை இறுக்கி, மேசை விளிம்பில் அசையாமல் பொருத்துங்கள்.

பிடிமானத்திலிருந்து வாஷரின் நடு வரை 25 செ.மீ. இருந்தால், பத்து அலைவுக்குச் சுமார் 10 வினாடி ஆகும் (ஒரு முறை போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது ஓர் அலைவு). ஒரு குழுவுக்கு 9 வந்தால், கையை விடும்போதே 'ஒன்று' என எண்ணியிருப்பார்கள். 'சுழியம்' என்று தொடங்கச் சொல்லுங்கள். சற்றுக் கூடுதலாக வந்தால், எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறார்கள் என்று பாருங்கள். 60 பாகைக்கு இழுத்தால் அலைவு நேரம் 7 சதவீதம் வரை கூடும். 15 பாகைக்குள் இருக்கட்டும்.

அடுத்து எடையைக் கூட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு குழு, வாஷர்களை ஒன்றின்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் கோக்கும். நடுப்புள்ளி 5 செ.மீ. இறங்கினாலே பத்து அலைவுக்கு 11 வினாடி ஆகிவிடும். 'எடை கூடினால் ஊசல் மெதுவாகும்' என்று எழுதிவிடுவார்கள். அழகான தப்பு இது! உடனே திருத்தத் துடிக்கும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே கிளிப்பில் வாஷர்களைச் சேர்த்து மாட்டிய குழுவின் 10 வினாடியையும் பலகையில் எழுதி, "இரண்டு குழுவும் ஐந்து வாஷர்தான் போட்டீர்கள், ஏன் வித்தியாசம்?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது அளவுகோலை எடுக்கும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

பிறகு, பத்து அலைவுக்கு 20 வினாடி ஆக எவ்வளவு நூல் வேண்டும் என்று, கட்டுவதற்கு முன்பே தாளில் எழுதவையுங்கள். பெரும்பாலோர் 50 செ.மீ. என்பார்கள். செய்து பார்த்தால் 14 வினாடிதான் வரும். 100 செ.மீ. வேண்டும் என்று தெரியும்போது மேசை உயரம் போதாமல் போகும்; கதவு நிலையில் ஒரு பிடிமானம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.