இரவில் கையை உதறுகிறீர்களா?

தொழிலாளர்களின் கைகளைப் பரிசோதிக்கும்போது "கை வலிக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வேலை போய்விடுமோ என்ற பயம். "இரவில் விழிப்பு வந்தால் கையை என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். சிலர் பதில் சொல்வதற்கு முன்பே கையை உதறிக் காட்டிவிடுவார்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மணிக்கட்டில் 'கார்பல் டனல்' என்ற குறுகலான பாதை உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினால் நசுங்குவது நரம்புதான்; கார்பல் டனல் நோய் என்பது இதுதான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் தொந்தரவு இரவில் கூடுகிறது.

அடுத்து, கையின் படம் வரைந்த தாளைக் கொடுத்து மரத்துப்போகும் இடத்தைத் தீட்டச் சொல்வேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி எனத் தீட்டினால் மீடியன் நரம்பைச் சந்தேகிக்கலாம். சுண்டுவிரலை மட்டும் தீட்டுபவரின் முழங்கையைப் பார்க்க வேண்டும். அது முழங்கை வழியாக வரும் அல்நார் நரம்பின் பகுதி. பிறகு மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைக்கச் சொல்லி, மதமதப்பு வருகிறதா என்று கவனிப்பேன். கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருந்தால் நரம்பு நெடுநாளாக நசுங்கியிருக்கிறது என்று பொருள்; அவரைத் தாமதமின்றி அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எல்லோருக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளப்பது) செய்துவிடலாமே என்று நிர்வாகங்கள் கேட்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பலரிடமும் கடத்தல் மந்தமாகவே பதிவாகும். அந்தப் பரிசோதனை முடிவை வைத்து ஒருவருக்கு வேலை மறுப்பது மருத்துவமே அல்ல. அறிகுறி இருப்பவரிடம் நோயை உறுதிசெய்யத்தான் அந்தக் கருவி.

நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றையும் விசாரிப்பேன். ஆனால் "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான்" என்று சொல்லிப் பணியிடத்தைத் தப்பவிடுவது தவறு. அதிரும் கருவி, இறுக்கிப் பிடிக்க வேண்டிய கைப்பிடி, வளைந்த மணிக்கட்டோடு ஓயாமல் ஒரே அசைவு: இவை கூடும் இடத்தில் சர்க்கரை இல்லாதவரின் கையும் மரத்துப்போகிறது.

முடிவில் நிர்வாகம் என்னிடம் ஆட்களின் பெயர்ப் பட்டியலை எதிர்பார்க்கும். நான் கொடுப்பது வேறு பட்டியல்: எந்த மேசையின் உயரம் மாற வேண்டும், எந்தக் கருவியின் பிடி பருக்க வேண்டும், எந்த வேலையை எத்தனை பேர் முறைவைத்துச் செய்ய வேண்டும்.