எப்போது பார்த்தாலும் 25 டிகிரி காட்டும் பேட்டரி

"ஆப்பில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், 25 டிகிரியைத் தாண்டினதே இல்லை." லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து லித்தியத்துக்கு மாற்றிய கோல்ஃப் வண்டியைக் கொண்டுவருபவர்கள், பேட்டரியின் வெப்பத்தைக் காட்டும் ஃபோன் ஆப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் வசனம் இது. கடைசியாக வந்த வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பார் ஒன்றின் மேலுறை பழுப்பேறி மொறமொறவென்று ஆகியிருந்தது. பக்கத்துச் செல்லின் நீல உறை சுருங்கிப் போயிருந்தது. ஆப்பிலோ அப்போதும் 25.

காரணம், வெப்ப சென்சார் சொருகும் இடத்தில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது மாறாத ஒரு மின்தடை. பேட்டரியைக் காவல் காக்கும் போர்டுதான் பிஎம்எஸ். பெரும்பாலான பிஎம்எஸ்களில் சென்சாராக வரும் தெர்மிஸ்டருக்கு (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) 25 டிகிரியில் அந்த 10 கிலோ ஓம்தான் மதிப்பு. சென்சார் ஒயர் அறுந்தால், பிஎம்எஸ் அதைக் கடுங்குளிர் என்றோ கோளாறு என்றோ எடுத்துக்கொண்டு சார்ஜை நிறுத்திவிடும். உடனே யாரோ ஒரு 'கெட்டிக்காரர்' ரெசிஸ்டரை வைத்துவிடுகிறார். சார்ஜ் ஏறுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அதன்பின் பேட்டரி கொதித்தாலும் பிஎம்எஸ்ஸுக்குத் தெரியப்போவதில்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், செய்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சரி, சென்சார் ஒழுங்காகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப் காட்டுவது பேட்டரியின் வெப்பம் அல்ல. சென்சாரின் முனை எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தின் வெப்பம். பெட்டிக்குள் அந்தரத்தில் தொங்கினால் காற்றின் வெப்பம். மூடியில் ஒட்டியிருந்தால் மூடியின் வெப்பம். 'மாஸ்' (MOS, போர்டில் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சுகள்) என்று தனியாக ஒரு எண் வருமே, அது பிஎம்எஸ் போர்டின் வெப்பம். செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 16 செல்லுக்கு ஒரே ஒரு சென்சார், அதுவும் ஓரத்துச் செல்லில் என்றால், வெப்பம் வெளியேற வழியில்லாத நடுச் செல்லைப் பற்றி ஆப்புக்கு ஒன்றுமே தெரியாது. எத்தனை முறை சொன்னாலும் "அதான் டெம்பரேச்சர் காட்டுதே" என்கிறார்கள்.

பல சமயம் முதலில் சூடாவது செல்கூட இல்லை, இணைப்புதான். மேட்டில் ஏறும்போது 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். தளர்ந்த ஒரு நட்டில் 1 மில்லி ஓம் தடை இருந்தாலே அந்த இடத்தில் 40 வாட் வெப்பம். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் செல்லின் தலையில் வைத்த மாதிரி. கோல்ஃப் வண்டியின் குலுக்கலில் நட் தளரத்தான் செய்யும்.

"எல்எஃப்பிதானே (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்), தீப்பிடிக்காது" என்பவர்களுக்கு: மற்ற லித்தியம் வகைகளைவிட அது சாது, உண்மைதான். ஆனால் மிதமிஞ்சிச் சூடானால் அதுவும் எரியக்கூடிய வாயுவைக் கக்கும்.

இனி செய்ய வேண்டியது. குறைந்தது இரண்டு சென்சார் போடுங்கள். ஒன்று நடுச் செல்லின் உடம்பில், சூடு தாங்கும் காப்டன் டேப்பால் அழுத்தி ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டும் முன் முனையை விரலால் பிடித்துப் பாருங்கள், எண் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது சென்சாரே இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் எல்லா சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஓட்டிய பிறகு ஒன்று மட்டும் ஐந்தாறு டிகிரி விலகினால் அங்கே தேடுங்கள்.

தொடாமலே வெப்பத்தை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் வாங்கி பளபளக்கும் பஸ்பார் மேல் அடிக்கிறார்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துத்தான் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, மேடு ஏறி வந்த உடனே அதன் மேல் அடியுங்கள். நட்டுகளைச் செல் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள். அதற்கு முன் மெயின் இணைப்பைக் கழற்றுங்கள், கையில் இருக்கும் மோதிரத்தையும்தான்.

எல்எஃப்பி செல்லைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேலும் வேண்டாம். ஓட்டிய சூட்டோடு சொருகாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். பழைய லெட் ஆசிட் சார்ஜர் இன்னும் வண்டியில் இருந்தால் இன்றைக்கே தூக்கி வையுங்கள். செல் உப்பினாலோ, இனிப்பு கலந்த கெமிக்கல் நெடி வந்தாலோ, "இன்னொரு முறை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்" வேண்டவே வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குங்கள். புகையோ சீறும் சத்தமோ இல்லையென்றால் மட்டும் வண்டியைக் கட்டடத்தை விட்டு வெளியே தள்ளி நிறுத்துங்கள். இருந்தால் வண்டியைத் தொடாமல் எல்லோரும் வெளியேறி தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.