ஊழியர் கையில் முதல் சாவி

புது மாடல் மின்சாரக் கார் வரும்போதெல்லாம் ஒரு மனத்தாங்கல் என் காதில் விழும்: "முன்பணம் கட்டிட்டு நாங்க காத்துக் கிடக்கிறோம், கம்பெனி ஆளுங்களுக்கு முதல்ல கொடுத்துடுறாங்களே சார்!" வாகன நிறுவனத்தின் வாரண்டி பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். அந்த முதல் வண்டிகளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

உலகமே கவனித்த உதாரணம், அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் கொண்டுவந்த மாடல் 3 மின்சாரக் கார். 2016 மார்ச் 31 அன்று முன்பதிவு தொடங்கியபோது, காரின் படத்தைக்கூடப் பார்க்காமல் ஆயிரம் டாலர் கட்ட ஜனம் வரிசையில் நின்றது. 2017 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையில் முதல் 30 கார்களின் சாவி ஊழியர்கள் கைக்குப் போனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்னால் காத்திருந்தார்கள். அந்தக் காலாண்டில் 1,500க்கும் மேல் தயாரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வெளிவந்தவை வெறும் 260.

ஒரு ஆலை அப்படித் திணறும் நேரத்தில் வண்டி யார் கையில் இருக்க வேண்டும்? என்னைக் கேட்டால் ஊழியர் கையில்தான். வாடிக்கையாளர் 400 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். அவர் வண்டியில் கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டர் பார்த்து, எழுதி, போட்டோ அனுப்பி, கழற்றிய பாகம் பார்சலில் எங்களிடம் வந்து சேர மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் அதே கோளாறோடு இன்னும் பல நூறு வண்டிகள் லைனை விட்டு இறங்கியிருக்கும். ஊழியரின் வண்டியோ ஆலை வாசலிலேயே நிற்கும். காலையில் சொன்னால் மதியம் பொறியாளர் பானெட்டைத் திறந்திருப்பார்.

ஆனால் அவர் சொல்ல வேண்டும். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

சென்னைக்கு வெளியே ஒரு ஆலையில் நான் இருந்தபோது, அசெம்ப்ளி லைன் சூப்பர்வைசர் ஒருவர் முதல் பேட்ச்சில் மின்சாரக் கார் எடுத்தார். பொங்கலுக்கு ரயிலில் ஊருக்குப் போய் ஐந்தாம் நாள் திரும்பினால் வண்டி எழும்பவே இல்லை. கதவுகூடத் திறக்கவில்லை. மின்சாரக் காரிலும் சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற சுவிட்ச் எல்லாவற்றுக்கும் உயிர் அதுதான். அது இறங்கினால் பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தும் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பியிருக்கிறார். மூன்று முறை இப்படி நடந்தும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஷோரூம்களிலிருந்து அதே புகார் வரிசையாக வந்தது. தேடிப் பார்த்ததில், வண்டியைப் பூட்டிய பிறகும் தூங்கப் போகாத டெலிமேட்டிக்ஸ் யூனிட்டின், அதாவது வண்டியின் தகவல்களை வெளியே அனுப்பும் கருவியின், மென்பொருள்தான் காரணம். அப்போதுதான் அவர் கதை வெளியே வந்தது.

"ஏன் தம்பி சொல்லல?" என்றேன்.

"ஒயரிங் எங்க லைன்ல மாட்டுறது சார். எங்க பசங்க தலையில எழுதிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தன் வண்டியின் குறையைத் தன் மேலதிகாரியிடமே சொல்ல வேண்டிய ஏற்பாட்டை வைத்திருந்தது நாங்கள். அதன்பிறகு ஊழியர் வண்டிப் புகார்கள் நேராக வாரண்டி பிரிவுக்கு, வண்டி எண்ணோடு மட்டும், பெயரில்லாமல் வரும்படி மாற்றினோம். முதல் வாரமே ஃபோன் ஓயவில்லை. மழையில் டிக்கிக்குள் தண்ணீர் இறங்குவது, குறிப்பிட்ட ஒரு வகை ஃபாஸ்ட் சார்ஜரில் இணைப்பு பாதியில் அறுவது என்று, அதுவரை எல்லோரும் மனதுக்குள் வைத்திருந்தவை வந்து கொட்டின.

ஊழியர்கள் ஓட்டிவிட்டாலே எல்லாக் குறையும் வெளிப்பட்டுவிடும் என்றும் நம்ப வேண்டாம். மாடல் 3 ஊழியர்களிடம் போய்ப் பத்து மாதம் ஆன பிறகு, 2018 மே மாதம், அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை பிரேக்கை அளந்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி பிடித்தது. டெஸ்லா இணையம் வழியாக மென்பொருளை மாற்றியதும் 133 அடியாகக் குறைந்தது. வேலைக்குப் போய் வருகிறவர் யாரும் டேப் வைத்து பிரேக் அளப்பதில்லை. பேட்டரி செல் குறை இன்னும் மோசம். செவ்ரோலே போல்ட் என்ற மின்சாரக் காரில் பேட்டரி செல்லுக்குள் இருந்த இரண்டு உற்பத்திக் குறைகள் ஒரே செல்லில் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. அது தெளிவாகி, 2021 ஆகஸ்டில் அதுவரை செய்த போல்ட் கார்கள் எல்லாவற்றையும் திரும்ப அழைத்தபோது, அந்த மாடல் விற்பனைக்கு வந்து நாலரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முப்பது ஊழியர் வண்டிகளில் இதெல்லாம் தட்டுப்படாது.

வரிசையில் பின்னால் நிற்பவருக்கு நஷ்டமும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் அப்போது மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரிச்சலுகை. ஒரு நிறுவனம் அங்கே 2 லட்சம் வண்டி விற்றதும் அது படிப்படியாகக் குறையும். 2019 ஜனவரியில் டெஸ்லாவுக்கு அது 3,750 ஆனது. எல்லோரும் எதிர்பார்த்த 35,000 டாலர் மாடல் 3 விற்பனைக்கு வந்ததோ பிப்ரவரி கடைசியில். விலை குறைந்த வண்டிக்காகப் பொறுத்திருந்தவர்களுக்குப் பாதிச் சலுகைதான் மிஞ்சியது. ஊழியருக்கு முன்னுரிமை தரும் நிறுவனம், எத்தனை வண்டி, எந்தத் தேதிவரை என்பதை முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊழியராக இருந்து முதல் வண்டிக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்களா? வேலையை விட்டால் கடன் தவணை என்னாகும், எத்தனை நாள் விற்கக் கூடாது, சலுகை விலைக்கு வருமான வரி விழுமா என்று கணக்குப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வண்டி அனுப்பும் தகவல்களில் உங்கள் போக்குவரத்தை யார் பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

வாங்கக் காத்திருப்பவர் ஷோரூமில் கேட்க வேண்டியது ஒன்று: "ஊழியருங்க வண்டியில வந்த புகாருக்கு அப்புறம் என்னென்ன மாத்தினீங்க?" புகாரே வரவில்லை என்று பதில் வந்தால், நான் இன்னும் மூன்று மாதம் பொறுப்பேன்.