கமாடோர் என்பவர் யார்? ஐந்து தளபதிகளும் ஒரு குட்டிக் கடற்படையும்

அயர்லாந்துக் கடற்படைக்குத் தலைவர் மாறிய செய்தி ஒன்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார். மைக்கேல் மலோன் போய் டாரா கிர்வன் வந்தாரே, அதுதான். நாலு வரிச் செய்தி, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். அவருடைய பதவி "பிளாக் ஆபீசர் கமாண்டிங் நேவல் சர்வீஸ்", தரம் கமாடோர். அவருக்குக் கீழே கேப்டன்கள், அவர்களுக்குக் கீழே கமாண்டர்கள், மேலே முப்படையிலும் மூத்த அதிகாரியான சீஃப் ஆஃப் ஸ்டாஃப், எல்லாருக்கும் மேலே சுப்ரீம் கமாண்டராகக் குடியரசுத் தலைவர். நம் கையில் இருப்பதோ தளபதி என்ற ஒற்றைச் சொல். முதல் வரைவைப் படித்துப் பார்த்தால் உச்சத் தளபதி, தலைமைத் தளபதி, கடற்படைத் தளபதி, செயற்பாட்டுத் தளபதி, கப்பல் தளபதி என்று ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். 1,094 பேர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணூறு பேர்கூட இல்லாமல், ஓட்ட ஆளில்லை என்று கப்பல்களைக் கரையில் கட்டிப்போட்ட கடற்படைக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

சரி, கமாடோரிலிருந்தே தொடங்கலாம். இந்தியத் தமிழ்ப் பத்திரிகைகள் கமாடோர் என்று போடும், இலங்கையில் கொமடோர். சொல் ஆங்கிலத்துக்கு வந்தது 1690-களில், டச்சுக்காரர்கள் வழியாக என்பது பொதுவான கருத்து. வில்லியம் என்ற டச்சுக்காரரே இங்கிலாந்தின் அரசராக இருந்த காலம் அது. டச்சுக்காரர்களுக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது, கொமாந்தர் என்று. அப்படிப் பார்த்தால் கமாண்டரும் கமாடோரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஒருவர் நேராக வீட்டுக்கு வந்தார், இன்னொருவர் ஆம்ஸ்டர்டாம் பக்கம் சுற்றிவிட்டு வந்து அண்ணனைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் லத்தீன். அங்கே மந்தாரே என்று ஒரு வினை. மனுஸ் என்றால் கை, தாரே என்றால் கொடு. இரண்டும் சேர்ந்து "கையில் கொடு", அதாவது ஒப்படை. கமாண்ட் என்றதும் நமக்கு அதட்டல், உத்தரவு, விரலை நீட்டிப் பேசும் ஓர் ஆள் எல்லாம் நினைவுக்கு வருகிறது, ஆனால் சொல்லின் அடியில் இருப்பது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொறுப்பு போவதுதான். கொடுத்தவர் ஒருவர் இருந்தால்தான் கமாண்ட், தானே எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. ஈழத்தமிழில் அன்றாடம் புழங்கும் கையளிப்பு என்ற சொல் இதற்கு எலும்போடு எலும்பாகப் பொருந்துகிறது. பதவி மாற்றச் செய்திக்கு நான் கடைசியில் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். "கடற்படைத் தலைமையை மலோன் கிர்வனிடம் கையளித்தார்" என்று எழுதியதும் வாக்கியம் தானாக நிமிர்ந்து நின்றது.

ஐரிஷ் மொழியில் கமாடோருக்கு என்ன சொல் என்று பார்த்தேன். கியனஸோர். கமாண்டருக்கு கியனஸீ. இரண்டும் கியனஸ் என்ற சொல்லிலிருந்து வருபவை, அதற்குத் தலைமை என்று பொருள், அதற்கும் அடியில் கியான், அதாவது தலை. தலை, தலைமை, தலைவர்! நாம் போட்ட கணக்கையே அவர்களும் போட்டிருக்கிறார்கள். கேப்டன் என்ற சொல்லும் லத்தீனில் தலையைக் குறிக்கும் கபுத்திலிருந்து வந்ததுதான். ஆக, தலையிலிருந்து பிறந்த சொல் தமிழிலும் ஐரிஷிலும் லத்தீனிலும் இருக்கிறது, கையிலிருந்து பிறந்தவர்கள் கமாடோரும் கமாண்டரும்.

இனி இந்தத் தரம் எவ்வளவு பெரியது என்ற கேள்வி. பெரிய கடற்படைகளில் கமாடோர் ஒரு நடுத்தர ஆசாமி. பிரிட்டனில் 1997 வரை அது நிலையான தரமாகவே இல்லை. ஒரு கேப்டனிடம் நாலைந்து கப்பல்களைச் சேர்த்துக் கொடுத்து "இந்த வேலை முடியும்வரை நீ கமாடோர்" என்பார்கள், வேலை முடிந்ததும் மறுபடி கேப்டன். அயர்லாந்தில் அந்த நடுத்தர ஆசாமிதான் கடற்படைக்கே தலைவர். தரைப்படையில் ஒரு பிரிகேடை நடத்தும் பிரிகேடியர் ஜெனரலுக்குச் சமமானவர், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடற்படையின் தலைமையிடம் கார்க் துறைமுகத்துக்குள் இருக்கும் ஹால்போலின் தீவு. அதே துறைமுகத்தில் குரோஸ்ஹேவனில் ஒரு பாய்மரப் படகு மன்றம் இருக்கிறது, 1720-லிருந்து தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் பழைய மன்றம், அதன் தலைவருக்குப் பதவிப் பெயர் அட்மிரல். ஞாயிற்றுக்கிழமை படகு விடுகிறவர்களுக்கு அட்மிரல், நாட்டின் கடலைக் காக்கிறவர்களுக்குக் கமாடோர்.

அட்மிரல் அரபியிலிருந்து வந்த சொல், அமீர் என்பதன் பேரன். நம் மாலுமியும் அரபிதான், முஅல்லிம் என்பதிலிருந்து வந்தது. கடலில் தூய தமிழ், தூய ஆங்கிலம் என்று யாரும் ரொம்ப அலட்டிக்கொள்ள முடியாது. மாலுமி நமக்கு அந்நியமாகப் படவில்லை என்றால் கமாடோரும் கொஞ்ச நாளில் படாது.

அடுத்து அந்த "பிளாக் ஆபீசர்". கொடி அதிகாரி என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், ஏதோ சுதந்திர தினத்தன்று கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி இருந்தது. விஷயம் வேறு. பாய்மரக் காலத்தில் ஒரு கடற்படையே திரண்டு போகும்போது தலைவர் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக அவர் ஏறிய கப்பலின் பாய்மரத்தில் அவருடைய கொடி ஏறும், அவர் இறங்கி வேறு கப்பலுக்குப் போனால் கொடியும் கூடவே போகும். கொடி கப்பலுடையது இல்லை, ஆளுடையது. அதனால் கொடியுரிமை அதிகாரி என்றால் பொருள் சரியாக நிற்கும். பல நாடுகளில் இந்த உரிமை கமாடோருக்கு அடுத்த மேல்படியான ரியர் அட்மிரலிலிருந்துதான் தொடங்குகிறது, கமாடோருக்குக் கிடைப்பது அகலக்கொடி என்ற வேறு வகை, வெளி ஓரம் தகைவிலான் குருவியின் வால்போல இரண்டாகப் பிளந்திருக்கும். அயர்லாந்து அந்த நுணுக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் கமாடோருக்குப் பதவிப் பெயரிலேயே கொடியைக் கொடுத்துவிட்டது.

அதே படையில் அதிகாரி வரிசையின் ஆகக் கீழ்ப்படி என்ன தெரியுமா? என்சைன். புதிதாக ஆணை பெற்று வரும் இளைஞர். என்சைன் என்றாலும் கொடிதான், ஐரிஷில் மெர்கிரே, மெர்கே என்றால் பதாகை. கொடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிற பையன் முப்பது வருடம் கழித்துத் தனக்கென்று ஒரு கொடி ஏறும் இடத்துக்கு வருகிறார். எல்லாரும் வருவதில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கேப்டனில் ஒரு கண்ணி இருக்கிறது, அவசரமாக மொழிபெயர்ப்பவர்கள் தவறாமல் காலை வைக்கும் கண்ணி. அயர்லாந்தில் கேப்டன் தரத்தில் இருப்பவர் பொதுவாகக் கப்பல் ஓட்டுவதில்லை. ஹால்போலினில் மேசைக்குப் பின்னால் இருப்பார். கடற்செயற்பாடுகளுக்கு ஒருவர், பராமரிப்பும் வழங்கலும் பார்க்க ஒருவர். கடலில் போகிற கப்பலை நடத்துபவர் பெரும்பாலும் லெப்டினன்ட் கமாண்டர், கொஞ்சம் பெரிய கப்பலென்றால் கமாண்டர். ஆனால் அந்தக் கப்பலுக்குள் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். 1985 ஜூன் 23-ஆம் தேதி ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக்கில் விழுந்து 329 பேர் இறந்தபோது, உடல்களைக் கடலிலிருந்து எடுத்த ஆஷ்லிங் கப்பலை நடத்தியவரும் ஒரு லெப்டினன்ட் கமாண்டர்தான். "கேப்டன்" என்று அன்றைய செய்தியில் யாராவது எழுதியிருந்தால் அது அவர் தரம் இல்லை, அவர் செய்த வேலை. அந்த வேலைக்கு நம்மிடம் மீகாமன் என்ற அருமையான பழைய சொல் சும்மா கிடக்கிறது. தரத்துக்குக் கேப்டன், கப்பலை நடத்துபவருக்கு மீகாமன் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சீஃப் ஆஃப் ஸ்டாஃப்பை "பணியாளர் தலைவர்" என்று மொழிபெயர்த்தால் மனிதவளத் துறை மேலாளர் மாதிரி ஆகிவிடும். இந்த ஸ்டாஃப் படைத்துறைக்குள் வந்தது ஜெர்மானிய மொழிகளில் கோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து, தளபதி கையில் அதிகாரத்தின் அடையாளமாக இருக்கும் கோல். ஐரிஷில் கியான் ஃபோர்ன்யா என்கிறார்கள், ஃபோரின் என்றால் அலுவலர் குழு, கப்பலோட்டிகள், விளையாட்டு அணி எல்லாமே. தலைமைத் தளபதி என்று நான் முதலில் போட்டது சட்டப்படியே தப்பு என்று பிறகுதான் உறைத்தது. அயர்லாந்தில் அரசமைப்பின்படி உச்ச அதிகாரம் குடியரசுத் தலைவரிடம், அது பெயரளவில். நடைமுறையில் அரசு பாதுகாப்பு அமைச்சர் வழியாகப் படையை நடத்துகிறது. 1954-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் போட்ட ஏற்பாட்டில் அமைச்சர் அந்தக் கட்டளை அதிகாரத்தைப் பிரிகேடு தலைவர்களுக்கும் விமானப்படைத் தலைவருக்கும் கடற்படைக் கமாடோருக்கும் நேராகக் கையளிக்கிறார். நடுவில் உட்கார்ந்திருக்கும் சீஃப் ஆஃப் ஸ்டாஃப், தரத்தில் எல்லாருக்கும் மூத்தவர், அமைச்சரின் முதன்மைப் படைத்துறை ஆலோசகர், ஆனால் முறையான கட்டளை அதிகாரம் அவர் கையில் இல்லை! பாதுகாப்புப் படைகளை ஆராய்ந்த ஆணையம் 2022 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை இதைச் சுட்டிக்காட்டி, அந்தப் பதவிக்கு உண்மையான கட்டளை அதிகாரம் தர வேண்டும், கடற்படைத் தலைவரின் தரத்தையும் ஒரு படி உயர்த்த வேண்டும் என்றது. அந்த 1954 சட்ட ஏற்பாட்டைப் பற்றி எழுதும்போது சீஃப் ஆஃப் ஸ்டாஃப்பைத் தளபதி என்பது பொருந்தாது. முப்படைத் தலைமை அதிகாரி என்று விட்டுவிட்டேன்.

கப்பலில் அதிகாரம் மாறுவது ஒரு கணத்தில் நடக்கும். பழையவர் இறங்குவார், ஊதல் ஒலிக்கும், புதியவர் பொறுப்பில். ஒரு சிறிய கடற்படைக்கு அடுத்த தலைவர் யார் என்பதோ பல வருடங்களுக்கு முன்பே பாதி தீர்ந்துவிட்ட விஷயம். கமாடோராக வேண்டுமென்றால் கேப்டன்களிலிருந்து வர வேண்டும், கேப்டன்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1946-ல் இந்தக் கடற்படையைத் தொடங்கியபோது அந்த விரல்களும் இல்லை. முதல் தலைவர் பிரிட்டிஷ் கடற்படையில் ஓய்வுபெற்ற கேப்டன் ஜெரோம், பத்து வருடம் இருந்தார், 1956-ல்தான் தாமஸ் மெக்கென்னா வந்தார். வெளிநாடுகளுக்குக் கடற்படை அமைத்துக் கொடுத்த நாடு என்று பார்த்தால் இது விநோதம். அர்ஜென்டினக் கடற்படையை உருவாக்கிய வில்லியம் பிரவுன் மேயோ மாவட்டத்தின் ஃபாக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர், அமெரிக்கர்கள் கமாடோர் என்றே அழைத்த ஜான் பாரி வெக்ஸ்ஃபோர்டுக்காரர்.

அதற்கு மேலே ஏற வேண்டுமானால் கடற்படையை விட்டு இறங்க வேண்டும். மார்க் மெல்லெட் 2010-லிருந்து கமாடோராகக் கடற்படையை நடத்தினார், 2013-ல் ரியர் அட்மிரலாகத் துணைத் தலைமை அதிகாரிகளில் ஒருவரானார், 2015-ல் வைஸ் அட்மிரலாகி முப்படைத் தலைமை அதிகாரி. அந்த நாற்காலியில் கடற்படைக்காரர் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரியர் என்பது அணிவகுப்பின் பின்பகுதியை நடத்தியவருக்கு வந்த பெயர், "பின்புற அட்மிரல்" என்று கணினி மொழிபெயர்த்துக் கொடுத்ததை நான் நண்பருக்கு அனுப்பி இருவரும் சிரித்தோம்.

தமிழ்ச் சொல் கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு: கமாடோர் முதலில் பல கப்பல்களைச் சேர்த்து நடத்தியவர் என்பதால் கலத்தொகுதித் தலைவர் என்பது பொருளில் நெருங்கி வருகிறது. கலப்படைத் தலைவர் என்றும் யோசித்தேன். வேண்டாம், வேகமாகப் படிக்கிறவர் கலப்படத் தலைவர் என்று படித்துவிட்டு ஹோட்டல் சோதனைச் செய்தி என்று நினைப்பார். என் வழக்கம், தரத்தைக் கமாடோர் என்று அப்படியே எழுதி, பதவியை மட்டும் "கடற்படைத் தலைவர்" என்று தமிழில் சொல்வது. தரம் சட்டையோடு தைத்தது, பதவி நாற்காலியோடு சேர்ந்தது, இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் போனால்தான் தளபதிகள் பெருகுகிறார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை. அயர்லாந்தின் துணைப் பிரதமருக்கு தானிஷ்டா என்று பெயர். ஐரிஷ் பேசிய பழைய குலங்களில் தலைவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு அடுத்தவர் என்று உறவினருக்குள் தேர்ந்து வைப்பார்கள், அந்த ஆள்தான் தானிஷ்டா. மூத்த மகன் என்பதால் மட்டும் கிடைக்கிற இடம் இல்லை அது. 2022 டிசம்பரிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் மீஹால் மார்ட்டின் தானிஷ்டாவாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் சேர்ந்து இருந்தார், அதாவது கமாடோருக்கு அதிகாரத்தைக் கையளிக்கிறவருடைய பட்டமே "அடுத்து வருபவர்". துணைப் பிரதமர் என்று எழுதினால் இந்த ருசி போய்விடுகிறது. இளங்கோ என்று எழுத ஆசைதான், ஆனால் அது குடியரசு, சண்டைக்கு வந்துவிடுவார்கள்.